ஷூ டப்பா அடியில ஒரு குட்டி மரம்: பெட்டிக் கம்பெனிக்கு எஃப்.எஸ்.சி சான்று

(காட்சி: மேஜை மேல ஒரு ஷூ டப்பா. ஒரு கை அதைக் கவுத்துக் காட்டுது. அடிப்பக்கத்து ஓரத்துல டிக் குறியும் மரமும் சேர்ந்த மாதிரி ஒரு சின்ன படம்.)

வணக்கம். இது ஆம்பூர்ல தைச்ச ஒரு ஷூவோட டப்பா. ஷூ ஜெர்மனி போகுது. டப்பாவோட அடியைப் பாருங்க. டிக் போட்ட மாதிரி ஒரு குட்டி மரம், கூடவே எஃப்.எஸ்.சி-ன்னு மூணு எழுத்து. அட்டைக்கான மரமும் பேப்பரும் சரியான வழியில வந்ததுன்னு சொல்ற சான்று அது. கட்டைவிரல் நகத்தளவு தான் இருக்கும். இந்த நகத்தளவு படத்தால ஆர்டரைத் தொலைச்ச பெட்டிக் கம்பெனி நம்ம ஊர்ப்பக்கம் உண்டு. அதுல ஒண்ணுல நான் கணக்கு எழுதிட்டிருந்தேன். அந்தக் கதை பின்னாடி வருது.

2019-ல மாவட்டத்தைப் பிரிச்சு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா ஆக்கிட்டாங்க. பழைய வட ஆற்காட்டுக்காரங்களுக்கு இன்னும் எல்லாம் ஒரே பாலாத்தங்கரை தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு தோலும் ஷூவும் நடக்கிற ஊர் எல்லாத்துலயும் அதுக்குப் பெட்டி போடறவங்களும் இருப்பாங்க. உள் டப்பா ஒண்ணு, பன்னெண்டு டப்பாவை அடுக்கற வெளிப் பெட்டி ஒண்ணு. குடியாத்தம் பக்கம் தீப்பெட்டிக்கு அட்டை வெட்டறவங்க தனி. ஐரோப்பாவுல இருந்து வாங்கறவர் மெயில்ல ஒரு வரி போடுவார்: "பேக்கேஜிங் எஃப்.எஸ்.சி-யா இருக்கணும்." ஷூ கம்பெனி அதை அப்படியே பெட்டிக் கம்பெனிக்குத் தள்ளி விட்டுடும். அங்க தான் முழிக்க ஆரம்பிப்பாங்க.

(காட்சி: உலக வரைபடத்துல ரியோ, டொரன்டோ, பான் நகரங்கள் ஒவ்வொண்ணா ஒளிருது.)

வரலாறு ரெண்டு வரி போதும். 1992-ல ரியோ மாநாட்டுல காடுகளுக்குன்னு நாடுகளைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம் எதுவும் கைகூடல. அரசாங்கங்க செய்யாததை சந்தை மூலமா செய்வோம்னு சூழல் அமைப்புங்க, மர வியாபாரிங்க, மண்ணின் மக்கள் சேர்ந்து 1993-ல டொரன்டோவுல கூடித் தொடங்கினது தான் எஃப்.எஸ்.சி-ங்கற இந்தக் காடு பராமரிப்பு மன்றம். இப்போ தலைமையகம் ஜெர்மனியில பான் நகரம். 1999-ல வந்த பி.இ.எஃப்.சி-ங்கற இன்னொரு காட்டுச் சான்று இதுக்குப் போட்டி. நம்ம பக்கம் சரக்கு வாங்கற பையருங்க பெரும்பாலும் கேக்கறது எஃப்.எஸ்.சி தான், அதனால இன்னைக்கு அதை மட்டும் பேசறேன்.

ஒரு விஷயம் முதல்லயே தெளிவாகணும். இந்தச் சான்று ரெண்டு வகை. ஒண்ணு காட்டுக்கு. மரம் வளக்கறவங்க, வெட்டறவங்க வாங்கறது. இன்னொண்ணு கைமாறும் சங்கிலிக்கு. மில், பெட்டிக் கம்பெனி, பிரிண்டர் வாங்கறது. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. உங்க கம்பெனிக்கு வர்ற ஆடிட்டர் எந்த மலைக்கும் ஏற மாட்டார். பில் ஃபைலுக்குத் தான் வருவார்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. ஜவ்வாது மலைச் சந்தனத்தை நினைச்சுப் பாருங்க. வனத்துறை கட்டையில சுத்தியலால முத்திரை அடிக்கும், எடை எழுதும், வண்டிக்கு பாஸ் கொடுக்கும். திருப்பத்தூர் கிடங்குல ஏலம் எடுத்தவர் கையில அந்தக் காகிதம் இல்லன்னா கட்டை நல்ல கட்டையா கள்ளக் கட்டையான்னு மோந்து பாத்து யாரும் சொல்ல முடியாது. எஃப்.எஸ்.சி-யும் அதே தான். பேப்பரைத் தடவிப் பாத்து எந்தக் காட்டுல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது. கூட வர்ற காகிதம் தான் சாட்சி.

(காட்சி: மூணு லேபிள் பக்கம் பக்கமா.)

லேபிள் மூணு. முழுக்க சான்று பெற்ற காட்டு மரம்னா '100 சதவீதம்'. முழுக்க பழைய பேப்பர்னா 'ரீசைக்கிள்டு'. கலந்து வந்தா 'மிக்ஸ்'. பெட்டித் தொழில்ல அதிகம் பாக்கறது கடைசி ரெண்டு தான்.

மிக்ஸ்ல ஒரு குழி இருக்கு. சதவீத முறையில குறைஞ்சது 70 சதவீதம் சான்று பெற்றதோ மீட்டெடுத்த பழைய பேப்பரோ இருந்தா லேபிள் போடலாம்ங்கறாங்க. உடனே நம்ம ஆளுங்க, "அப்போ மீதி 30 எது வேணா போடலாமே"ங்கறாங்க. கூடாது. அந்த 30-க்கும் வாசல்ல காவல் உண்டு. சட்டவிரோதமா வெட்டினது, மக்களோட உரிமையை மிதிச்சு எடுத்தது, அரிய காட்டை அழிச்சது, காட்டைத் தோட்டமா மாத்தினது, மரபணு மாத்தின மரம்னு அஞ்சு வகை உள்ளயே வரக்கூடாது. அது இல்லன்னு சரிபார்த்ததைத் தான் 'கட்டுப்படுத்தப்பட்ட மரம்'னு சொல்றாங்க. எங்க இருந்து வந்ததுன்னே தெரியாத பேப்பருக்கு இங்க 1 சதவீதம் கூட இடம் கிடையாது.

காட்பாடி பக்கத்துல ஒரு பெட்டிப் பட்டறை ஓனர் என்னை மடக்கினார்.

"இன்னாண்ணா, நாங்க வாங்கற கிராஃப்ட் பேப்பர் அத்தனையும் பழைய அட்டையில செஞ்சது. ஒரு மரம் வெட்டல. எங்களுக்கு இன்னாத்துக்கு மரம் போட்ட சீட்டு?"

நியாயமான கேள்வி. இந்தியாவுல பெட்டிக்கு வர்ற கிராஃப்ட்ல பெரும்பகுதி பழைய பேப்பர் தான். ஆனா பழசுன்னு சொல்ல வேண்டியது யாரு? பழைய பேப்பர் கட்டு கட்டா வந்து இறங்கற இடம் மில். அது நிஜமாவே பழசு தானான்னு அங்க பாத்து, பதிஞ்சு வைக்கணும். உங்க கைக்கு வரும்போது அது புது ரீல், அதாவது பேப்பர் உருளை ஆயிடுது. மில்லுக்குச் சான்று இருந்து, பில்லுலயும் எழுதியிருந்தா தீர்ந்தது கதை. சான்று இல்லாத மில்லுன்னா நீங்களே அங்க போய் ஆதாரம் பாத்து நிரூபிக்க ஒரு தனி விதிமுறை இருக்கு. மாசம் இருபது டன் ஓட்டற பட்டறைக்கு அது கட்டுபடியாகாது. சான்று இருக்கிற மில்லுல வாங்கிடறது மேல்.

இன்னொரு வேடிக்கை. கரூர் பக்கம் புகளூர்ல டி.என்.பி.எல் கரும்புச் சக்கையில பேப்பர் செய்யுது. சக்கை காட்டுப் பொருளே இல்ல. எஃப்.எஸ்.சி கணக்குல அது நடுநிலைப் பொருள். கூட்டவும் மாட்டாங்க, கழிக்கவும் மாட்டாங்க. அட்டை முழுக்க சக்கையாவே இருந்தா, சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நல்லதா இருந்தாலும் இந்த மரப் படம் கிடைக்காது. நீங்க ஒட்டற ஸ்டார்ச் கம், அடிக்கற பின் இதெல்லாமும் கணக்குல சேராது.

(காட்சி: ஒரு பில் பெருசாத் தெரியுது. நடுவுல ஒரே ஒரு வரி மஞ்சள்ல.)

இப்போ அசல் இடத்துக்கு வந்துட்டோம். இந்த வீடியோவுல ஒரே ஒரு நிமிஷம் தான் பாப்பேன்னா இதைப் பாருங்க.

மில்லுல இருந்து வர்ற பில்லுல ரெண்டு விஷயம் இருக்கணும். ஒண்ணு, அவங்க சான்று எண். சான்று கொடுத்த நிறுவனத்தோட சுருக்க எழுத்து, நடுவுல சி-ஓ-சி (கைமாறும் சங்கிலிங்கறதோட இங்கிலீஷ் சுருக்கம்), கடைசியில ஆறு எண். ரெண்டு, இந்தச் சரக்கு என்ன வகைன்னு ஒரு வாசகம்: 'எஃப்.எஸ்.சி மிக்ஸ் கிரெடிட்', இல்லன்னா 'எஃப்.எஸ்.சி ரீசைக்கிள்டு 100 சதவீதம்', இந்த மாதிரி. லெட்டர்ஹெட்ல அழகா மரம் அச்சடிச்சிருந்தாலும் அது செல்லாது. மில் சுவத்துல சான்றை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும் செல்லாது. சான்று பெற்ற மில்லே சான்று இல்லாத ரீலும் ஓட்டும். உங்களுக்கு வந்தது எதுன்னு சொல்றது அந்த வாசகம் மட்டும் தான். எஃப்.எஸ்.சி-யோட இணையதளத்துல மில்லோட எண்ணைத் தட்டி, சான்று உயிரோட இருக்கா, நீங்க வாங்கற பேப்பர் வகை அதுல அடங்குதான்னு பாத்துடணும்.

நான் சொன்ன கதை இது. எங்க கம்பெனிக்குச் சான்று இருந்தது, மில்லுக்கும் இருந்தது. ஒரு ஏற்றுமதி ஆர்டருக்கு அஞ்சு ப்ளை, அதாவது அஞ்சு அடுக்கு வெளிப்பெட்டி, ஆறாயிரம். மூணு லைனருக்கு, அதாவது தட்டையான அடுக்குக்கு வந்த ரீலோட பில் சரி. நடுவுல அலை அலையா வர்ற ரெண்டு ஃப்ளூட்டுக்கு வந்த ரீலோட பில்லுல சான்று எண் இருந்தது, வாசகம் இல்ல. நான் எண்ணை மட்டும் பாத்து டிக் அடிச்சு ஃபைல் பண்ணிட்டேன். பெட்டி ஓடிச்சு, லேபிள் அச்சாச்சு, கட்டு கட்டியாச்சு. பையர் தரப்புல இருந்து வந்தவர் பில்லைக் கேட்டார். மில்லுக்குப் போன் போட்டா, "அந்த ரீல் சாதா ஓட்டம், எழுதித் தர முடியாது"ன்னுட்டாங்க. அவங்க மேல தப்பே சொல்ல முடியாது, அவங்க எழுதாதது தான் சரி.

இந்த மாதிரி ஆனா விதி என்னன்னா: சரக்கை நிறுத்தணும், ஏற்கெனவே வித்திருந்தா வாங்கினவருக்கும் சான்று நிறுவனத்துக்கும் அஞ்சு வேலை நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும். நல்லவேளை எங்களுது வண்டி ஏறல. ஆறாயிரம் பெட்டியில மரத்து மேல ஸ்டிக்கர் ஒட்டினோம். கையால. மூணு நாள். ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி கடைசியில உள்ளூர் சரக்குக்குத் தான் போச்சு.

(காட்சி: கரும்பலகை. சாக்பீஸ்ல எண்கள்.)

அடுத்தது வரவு செலவு. ஆடிட்டர் முதல்ல கேக்கறது மாற்றுக் காரணி. 1,000 கிலோ ரீல் போட்டா எத்தனை கிலோ பெட்டி வருது? ஓரம் வெட்டல், ஸ்லாட் வேஸ்ட், டை பஞ்சிங் வேஸ்ட், ஓட்டம் மாத்தும்போது போற பேப்பர் எல்லாம் கழியும். உங்களுக்கு 860 கிலோ வருதுன்னு வெச்சுக்குவோம். காரணி 0.86. இந்த வருஷம் சான்று ரீல் 1,00,000 கிலோ வாங்கினீங்கன்னா, சான்று பெட்டியா 86,000 கிலோவுக்கு மேல விக்க வழியே இல்ல. விற்பனைப் பில்லைக் கூட்டினா 94,000 வருதா? அந்த எட்டு டன் எங்க இருந்து முளைச்சதுன்னு கேப்பார். மாட்டறவங்க பலபேர் மாட்டறது இங்க தான். திருட்டுப் புத்தியால இல்ல, அவசரத்துக்குப் பக்கத்துல கிடந்த சாதா ரீலை மாட்டி ஓட்டினதால.

அதனால கிடங்குல சான்று ரீலுக்குத் தனி இடம், தரையில பெயின்ட் கோடு, ரீல் மேல சீட்டு. பாதி ஓடின ரீலை மெஷின்ல இருந்து இறக்கும்போது சீட்டு கிழிஞ்சுடும். அதைத் திரும்ப எழுதி ஒட்டற பழக்கம் ஆபரேட்டருக்கு வரணும். பத்துப் பக்க மேனுவலை விட இந்த ஒண்ணு தான் கஷ்டம், என் அனுபவத்துல.

ஜாப் ஒர்க் குடுக்கறவங்க கவனிங்க. லேமினேஷன் ஒரு இடம், பஞ்சிங் ஒரு இடம்னு அனுப்புவீங்க இல்லையா? அந்தச் சின்ன யூனிட்டுக்குத் தனிச் சான்று கட்டாயம் இல்ல. ஆனா சரக்கு உங்களுதாவே இருக்கணும், அவங்களோட எழுத்து ஒப்பந்தம் இருக்கணும், மத்த சரக்கோட கலக்காம அதே சரக்கு திரும்பி வரணும். வாய் வார்த்தையில இருபது வருஷமா ஓடற உறவுன்னாலும் காகிதம் போட்டுத் தான் ஆகணும்.

லேபிளை நீங்களா டிசைன் பண்ணி அச்சடிக்கக் கூடாது. டிசைனைச் சான்று நிறுவனத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கின பிறகு தான் பிளேட் போடணும். லேபிள்ல வர்றது உரிம எண், பில்லுல வர்றது சான்று எண். ரெண்டும் வேற வேற, மாத்திப் போட்டுடாதீங்க.

2021-ல திருத்தின விதியில தொழிலாளர் பகுதியும் சேர்ந்துடுச்சு. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, பாகுபாடு கூடாது, சங்கம் சேர உரிமை இருக்கணும். கம்பெனி இதைத் தானே மதிப்பிட்டு எழுதணும். ஆடிட்டர் ஷாப் ஃப்ளோர்ல நேராப் போய் ஆளுங்க கிட்டயும் பேசுவார்.

செலவு? சான்றை எஃப்.எஸ்.சி நேரடியாத் தராது, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்க தருது. அஞ்சு வருஷத்துக்குச் செல்லும், வருஷா வருஷம் ஒரு ஆடிட். ஆடிட் கட்டணம் ஒண்ணு, விற்றுமுதலைப் பொறுத்து வருஷாந்திரக் கட்டணம் இன்னொண்ணு. ரெண்டு மூணு நிறுவனத்துல கொட்டேஷன் வாங்குங்க, வித்தியாசம் இருக்கும். ஆவணங்களைக் குறைஞ்சது அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும்.

சின்ன யூனிட்டுக்குக் குழுச் சான்றுன்னு ஒரு வழி இருக்கு. 15 பேருக்கு மேல வேலை செய்யாத கம்பெனி, இல்லன்னா 25 பேர் வரைக்கும் இருந்து விற்றுமுதல் 10 லட்சம் டாலரைத் தாண்டாத கம்பெனி ஒண்ணாச் சேந்து ஒரே சான்றுக்குள்ள வரலாம். மூணு மாவட்டத்துலயும் இவ்வளவு பெட்டிப் பட்டறை இருந்தும் இதைப் பத்தி யாரும் பேசறது என் காதுல விழல. சேர்த்துப் பிடிக்க ஒரு சங்கமோ ஆளோ முன்னாடி வரணும்.

(காட்சி: காட்பாடி பட்டறை வாசல். ரீல் ஏத்தின லாரி நிக்குது.)

நாங்க ஷூட் பண்ணிட்டிருக்கும்போதே ஒரு லோடு வந்துச்சு. டிரைவர் கயிறு அவுக்க ஆரம்பிச்சுட்டார். கணக்கு பாக்கற அக்கா வெளிய வந்து பில்லை வாங்கி, விரலை வெச்சு ஒவ்வொரு வரியா இறங்கினாங்க. நடுவுல நின்னுச்சு.

"அண்ணே, கயிறை அவுக்காதீங்க. வாசகம் இல்ல. மில்லுக்குப் போன் போட்டிருக்கேன்."

"ஏம்மா, நான் இன்னும் ராணிப்பேட்டை போவணும்."

"டீ சொல்றேன், உக்காருங்க. அவங்க மெயில்ல அனுப்பட்டும், அப்புறம் இறக்கிக்கலாம்."

டிரைவர் கயிறைத் திரும்பக் கட்டிட்டு நிழல்ல போய் உக்காந்தார்.