ஜாக் லெகெட்டை ஏன் அனுப்பினார்கள்?

அனைவருக்கும் வணக்கம். பேஸ்பால் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதுமே முன்வரிசையில் இரண்டு பேர் செல்போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் இந்தக் கதை புரியும். 22 வருஷம் ஒரே நாற்காலியில் இருந்த ஒரு மனிதரை, அதுவும் வேலை தெரிந்த மனிதரை, ஒருநாள் "போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிளெம்சன் என்றொரு சின்ன ஊர். பல்கலைக்கழகம் இல்லையென்றால் அந்தப் பெயர் நம் காதுவரை வந்திருக்காது. அங்கே பில் வில்ஹெல்ம் என்பவர் 1958 முதல் 1993 வரை பேஸ்பால் கோச்சாக இருந்தார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குத் துணையாக இருந்தவர் ஜாக் லெகெட். 1994-இல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது, 2015 வரை அவர் கையிலேயே இருந்தது. ஐம்பத்தெட்டு சீசனுக்கு இரண்டே கோச்சுகள். நம் ஊரில் சில பள்ளிக்கூடங்களில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே கணக்கு வாத்தியார் இருந்திருப்பாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒன்று விநோதமாகத் தெரியும். கிரிக்கெட் கோச் டிராக் சூட் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். பேஸ்பாலில் அறுபது வயதுக் கோச்சும் ஆட்டக்காரன் போடும் அதே சீருடையைத்தான் போடுவார். தொப்பி, பெல்ட், முதுகில் எண் எல்லாம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் கையில் ஃபங்கோ என்ற ஒல்லியான நீள மட்டையோடு நின்று, பந்தைத் தானே மேலே போட்டுத் தானே அடித்து, பையன்களைத் தரையோடு வரும் பந்துகளைப் பிடிக்கவைப்பார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நூறு பந்து, இருநூறு பந்து. வேலை போவது என்றால் இந்தச் சீருடையையும் கழற்றிக் கொடுப்பது என்று அர்த்தம்.

சரி, அவர் செய்த வேலைக்கு வருவோம். கிளெம்சனில் மட்டும் 955 வெற்றி. அதற்கு முன் வெர்மான்ட், மேற்குக் கரோலினா பல்கலைக்கழகங்களில் பெற்றதையும் சேர்த்தால் 1,332. கிளெம்சனில் இருந்த 22 சீசனில் 21 முறை தேசியப் போட்டிக்கு அணியைக் கொண்டுபோனார். தவறிய ஒரே வருஷம் 2008. அவரிடம் ஆடிய கிறிஸ் பென்சனை 1996-இல் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயராகவே எடுத்தார்கள். 2002-இல் கலீல் கிரீன் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான ஆக உயர்ந்த விருதான கோல்டன் ஸ்பைக்ஸை வாங்கினார்.

அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை ஒமாஹாவில் இருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் ஊர் ஒமாஹா. 1950 முதல் கல்லூரி பேஸ்பாலின் இறுதிக் கட்டம் அங்கேதான் நடக்கிறது. 64 அணிகள் தேசியப் போட்டிக்கு வரும். நான்கு நான்காகப் பிரித்து 16 ஊர்களில் ரீஜனல் நடத்துவார்கள். இரண்டு முறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஜெயிக்கும் 16 அணிகளும் இருவர் இருவராக சூப்பர் ரீஜனல் ஆடும், அதில் தேறும் எட்டு அணிகளுக்குத்தான் ஒமாஹா. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான சீசனில் நல்ல பிட்சர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவான், தோளுக்கு ஓய்வு வேண்டும். ரீஜனலில் நாலு நாளில் நாலைந்து ஆட்டம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை வீசியவன் திங்கட்கிழமை சோர்ந்து உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு உங்கள் தலைவிதியை எழுதுவது அணியின் நாலாவது, ஐந்தாவது பிட்சர், பெரும்பாலும் பத்தொன்பது வயதுப் பையன். ஐபிஎல்லில் லீக் முழுக்க முதலிடத்தில் இருந்துவிட்டு பிளே-ஆஃபில் இரண்டே ராத்திரியில் வீட்டுக்குப் போகும் அணியை நாம் பார்த்ததில்லையா?

லெகெட் ஆறு முறை ஒமாஹா போனார்: 1995, 1996, 2000, 2002, 2006, 2010. கோப்பை ஒருமுறையும் கிடைக்கவில்லை. கிடைக்காததைவிட, யாருக்குக் கிடைத்தது என்பதுதான் ஊரைப் பொசுக்கியது. காரில் இரண்டு மணி நேரச் சொச்சம் போனால் கொலம்பியா, அங்கே தென் கரோலினா பல்கலைக்கழகம், கிளெம்சனின் பரம எதிரி. 2010-இல் ஒமாஹாவில் கிளெம்சன் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும், இறுதிப் போட்டி. எதிரே வந்தது தென் கரோலினா. முதல் நாள் 5-1, மறுநாள் 4-3. இரண்டையும் கிளெம்சன் தோற்றது. தென் கரோலினா அப்படியே போய்க் கோப்பையை எடுத்தது, அடுத்த வருஷமும் எடுத்தது. 2002-இலும் இதே கதைதான். இதே ஊரில் இதே அணியிடம் அடுத்தடுத்து இரண்டு தோல்வி. பங்காளி வீட்டில் மாடி எழும்பும்போது நம் ஓட்டு வீடு திடீரென்று குடிசையாகத் தெரியுமே, அது எல்லா ஊருக்கும் பொது.

2010-க்குப் பிறகு ரீஜனலையே தாண்ட முடியவில்லை. 2011-இல் சொந்த மைதானத்தில் கனெக்டிகட்டிடம் கோட்டைவிட்டார்கள். 2012, 2013 இரண்டு வருஷமும் ரீஜனல் ஆட அனுப்பப்பட்ட இடம் எது தெரியுமா? கொலம்பியா. எதிரியின் வாசல். 2014-இல் நாஷ்வில்லுக்குப் போய் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் திரும்பினார்கள். 2015-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன், அதே முடிவு. அந்த சீசனில் 32 வெற்றி, 29 தோல்வி. ஜூன் மாதம் வேலை போனது. அவருக்கு வயது 61.

அனுப்பியவர் விளையாட்டுத் துறை இயக்குநர் டான் ராடகோவிச். 2012-இன் கடைசியில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். லெகெட்டை வேலைக்கு எடுத்தவர் அவர் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புதிதாக வருகிற அதிகாரி கடைசி நாலைந்து வருஷக் கணக்கைத்தான் புரட்டுவார், முதல் அத்தியாயத்தைப் படிக்க மாட்டார். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் எடுத்த முடிவில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். போதாததற்கு, அதே வளாகத்தில் கால்பந்து அணி ஏறுமுகத்தில் இருந்தது. அவர்களுடைய கால்பந்து நம்முடையது இல்லை, கையால் எறிகிற கால்பந்து. பணம் கொழிக்கும் அந்த அணி 2017 ஜனவரியில் தேசியக் கோப்பையையே வென்றது. பக்கத்து அறையில் அப்படியொரு வேகம் இருந்தால் பேஸ்பாலின் நடை மெதுவாகத்தான் தெரியும்.

ஆனால் பழைய ஏட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். வில்ஹெல்ம் ஒமாஹா போனதும் ஆறு முறைதான், அதற்கு அவருக்கு 36 சீசன் ஆனது. 1959-இல் போனவர் அடுத்து போனது 1976-இல். நடுவில் பதினேழு வருஷம். 1980-க்குப் பிறகு 1991 வரை இன்னொரு நீண்ட வறட்சி. அந்தக் காலத்தில் தேசியப் போட்டிக்குக் கூப்பிடப்பட்ட அணிகளே குறைவு, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பாருங்கள், முதலாமவருக்குப் பதினேழு வருஷம் கொடுத்த ஊர், இரண்டாமவருக்குக் கொடுத்தது ஐந்து. ஒமாஹா போவதை வழக்கமாக்கியதே லெகெட்தான். தனக்கு எதிராகப் பிடிக்கப்பட்ட அளவுகோலை அவரே செதுக்கிக் கொடுத்திருக்கிறார். 1995-இலும் 1996-இலும் அடுத்தடுத்துப் போகாமல் இருந்திருந்தால், 2015-இல் அவரிடம் இவ்வளவு கடுமையாகக் கேட்டிருப்பார்களா?

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2014-இல் நாஷ்வில்லில் கிளெம்சன் வெறுங்கையோடு திரும்பியது என்றேனே, அது வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மைதானம். அங்கே கோச் டிம் கார்பின். லெகெட்டிடம் ஒன்பது சீசன் துணைக் கோச்சாக இருந்தவர். அந்த வருஷம் கோப்பையை வென்றதும் அவர்தான். ஃப்ளோரிடாவின் கெவின் ஓ'சலிவன் 2017-இல் கோப்பை வாங்கினார். அவரும் லெகெட்டிடம் ஒன்பது சீசன் இருந்தவர். குருவுக்குக் கிடைக்காதது சிஷ்யர் இருவருக்கும் கிடைத்தது. வெற்றிக் கணக்கில் இதற்கென்று ஒரு பத்தி கிடையாது.

அடுத்து வந்தவர் மான்டி லீ. முதல் நாலு சீசனும் அணி தேசியப் போட்டிக்குப் போனது, நாலிலும் ரீஜனலோடு சரி. 2018-இல் கிளெம்சன் சொந்த மண்ணிலேயே தோற்றது. தோற்கடித்தது யார்? கார்பினின் வாண்டர்பில்ட். ஏழு சீசன் முடிந்ததும் 2022-இல் அவரையும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் எரிக் பாக்கிச். 2002-இல் லெகெட்டிடம் சம்பளமில்லாத உதவியாளராக இருந்த இளைஞர். வந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக, தன் பழைய குருவைத் திரும்பக் கூப்பிட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டார். லெகெட்டுக்கு அப்போது 68 வயது.

2024-இல் கிளெம்சன் ரீஜனலை ஜெயித்தது. 2010-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. சூப்பர் ரீஜனலும் சொந்த மைதானத்தில். எதிரே ஃப்ளோரிடா, கோச் ஓ'சலிவன். முதல் ஆட்டம் போய்விட்டது. இரண்டாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் தீராமல் பதிமூன்றாவது வரை இழுத்தது. அதில் கிளெம்சன் ஒரு ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி ஒன்று, அடித்து 10-9 என்று முன்னே போனது. அந்தக் களேபரத்தில் நடுவர் பாக்கிச்சை வெளியே அனுப்பினார். பிறகு ஃப்ளோரிடாக்காரன் ஒருவன் அடித்த அடியில் இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். 11-10.

ஒமாஹாவுக்கு ஃப்ளோரிடா போனது.