கல்லில் எழுத ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் ஆகஸ்டில் எங்கள் கல்லூரியில் பழைய மாணவர் கூட்டம் நடந்தது. மேடையில் ஒருவர் தாளைப் பிரித்து மறைந்தவர்களின் பட்டியலை வாசித்தார். பெயர், படித்த ஆண்டு, பாடம், இறந்த தேதி. அடுத்த பெயர், ஆண்டு, பாடம், தேதி. முடிந்ததும் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். உட்கார்ந்தவுடன் சாப்பாடு தயார் என்ற அறிவிப்பு வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் எங்கள் 1975–78 வேதியியல் வகுப்பில் மட்டும் ஒன்பது பேர். மூன்று வருஷம் அவர்களோடு ஒரே ஆய்வகத்தில் நின்று பிப்பெட் பிடித்தவள் நான். அந்த ஒரு நிமிடத்துக்குள் நான்கு பேருடைய முகம்கூட எனக்கு வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை.

மறுவாரம் கல்லூரிக்குப் போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒன்பது முகவரிகளையும் எழுதிக்கொண்டேன். எல்லாவற்றின் கடைசியிலும் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று இருந்தது. 1989இல் வட ஆற்காடு பிரிந்தது. 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. இன்று அந்த ஒன்பது வீடுகளும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களில் கிடக்கின்றன. இதுவரை ஐந்து வீடுகளுக்குப் போய்வந்துவிட்டேன்.

செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டுக் கல். கருந்தேவகத்தி என்பவன் எருமைகளுக்காகப் போராடி உயிர்விட்டான் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதற்கெனத் தனியாக எழுதியிருக்கிறார்கள்: அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று. கல்லில் ஒவ்வோர் எழுத்தும் உளி பிடித்து வெட்ட வேண்டும். அப்படியிருந்தும் நாயின் பெயருக்கு இடம் விட்டார்கள். அது என்ன செய்தது என்பதற்கும் இடம் விட்டார்கள். நம்மிடம் தாளும் மையும் ஏராளமாக இருக்கின்றன. கூடப் படித்தவன் என்ன செய்தான் என்று ஒரு வரி எழுத நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

நான் போன முதல் வீடு ஆம்பூரில். அந்த நண்பர் பாசஞ்சர் ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வருவார். முதல் வகுப்புக்கு எப்போதும் பத்து நிமிஷம் தாமதம். எங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். படித்து முடித்து, தோல் பதனிடும் ஒரு டேனரியின் ஆய்வகத்தில் வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மேடையில் வாசித்த தாளில் இதுகூட இல்லை.

அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் துணியில் கட்டிய நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். பதினோரு நோட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்காரர்கள் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கொண்டுவருவார்களாம். சொந்தக் காசில் வாங்கிய மீட்டரில் உப்பை அளந்து, தேதி போட்டு, வீட்டுக்காரர் பெயர் போட்டு எழுதிவைத்திருக்கிறார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் நல்ல குடிநீர். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவு. அவர் நோட்டில் மூவாயிரத்தைத் தாண்டிய பக்கங்கள் உண்டு. எண்ணுக்கு எதிரே தன் கையெழுத்தில் தீர்ப்பும் எழுதியிருந்தார்: ‘குடிக்கலாம்’. ‘சமையலுக்கு மட்டும்’. ‘மாட்டுக்கும் வேண்டாம்’.

பாலாற்றங்கரை டேனரிகளைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, தண்ணீரைக் கெடுத்தவர்தான் ஈடு தர வேண்டும் என்று. உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. ஆம்பூரில் ஒரு தெருவில் அதே தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக அளந்துகொண்டிருந்த ஒருவர், பகலில் டேனரியில் சம்பளம் வாங்கியவர். அதை நினைத்து அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? கேட்டேன். “அதைப் பத்தி அவர் பேசவே மாட்டாரும்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் எந்த ஊருக்கும் வரமாட்டார்” என்றார் அந்த அம்மா.

வேலூரில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களைப் பலரும் அறிவீர்கள். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972இல் பத்மஸ்ரீ வந்தது. பத்மஸ்ரீயைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். நாற்காலியில் இருந்து ஒருவருடைய மடங்கிப்போன விரலை நிமிர்த்தினார் என்றால் அவரே கண்முன் வந்துவிடுகிறார். எங்கள் ஆம்பூர் நண்பருக்கு விருது எதுவும் வரவில்லை. அவர் கல்லில் நான் எழுதுவதானால், ‘தெருத் தண்ணீரின் உப்பை அளந்து சொன்னவர்’ என்று எழுதுவேன்.

போகிற வீடுகளில் எப்படி இறந்தார் என்று நான் கேட்பதில்லை. அதை அவர்கள் நூறு பேருக்குச் சொல்லிக் களைத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்பேன். அதற்கப்புறம் பேச்சு தானாக வரும். ஒரு வீட்டில் வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று திரும்பிவிட்டேன்.

கூடப் படித்த பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். எங்கள் வகுப்பில் நாங்கள் நான்கே பேர். பதிவேட்டில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு வேறு இனிஷியல், வேறு ஊர். ஒருத்தி இறந்த செய்தி எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், சம்பந்தி வீட்டார் பெயர் எல்லாம் இருந்தன. பட்டம் மட்டும் இல்லை. முதல் வகுப்பில் தேறியவள் அவள்.

இன்னொருத்தி அந்த ஒன்பதிலும் இல்லை. இரண்டாம் வருஷம் பாதியில் கல்யாணமாகி நின்றுவிட்டாள். பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பட்டம் வாங்கவில்லை என்று பழைய மாணவர் பட்டியலில் சேர்க்கவில்லை. அவளும் இறந்துவிட்டாள் என்று காதில் விழுந்தது, அதுகூட உறுதியில்லை.

வானொலியில் பெயர் சொல்வது முறையாகாது. அடையாளம் சொல்கிறேன். லத்தேரியில் ஏறி ரயிலில் வருவாள். இடது கையால் எழுதுவாள். எழுத எழுத மை அழிந்து, மதியத்துக்குள் உள்ளங்கை ஓரம் முழுக்க நீலமாகிவிடும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில், நிறம் மாறும் அந்த ஒரு சொட்டை எங்களில் யாரையும்விட முன்னால் கண்டுபிடித்து, “போதும், மூடு” என்பாள். 1976 டிசம்பருக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கேட்டுக்கொண்டிருந்தால், இந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அவர்கள் என்னிடம் சேர்த்துவிடுவார்கள். அவளுடைய ரெக்கார்ட் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு இரவல் வாங்கியது. உங்களிடம் கொடுக்க வேண்டும்.

வணக்கம்.