துளைக்கு ஏற்ற விரலா, விரலுக்கு ஏற்ற துளையா?

வணக்கம். குழலில் மேலே ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே இரண்டை மூடி ஒரு சுரத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மட்டும் மற்றவற்றைவிடக் கம்மலாக ஒலிக்கும். அந்தச் சுரத்துக்கென்று தனித் துளை இல்லை, அதனால்தான் இந்தச் சுற்றுவழி. இருக்கிற துளைகளும் சுருதி கேட்கிற இடத்தில் இல்லை, விரல் எட்டுகிற இடத்தில் இருக்கின்றன.

மியூனிக்கைச் சேர்ந்த தியோபால்ட் போம், பொற்கொல்லர் வேலையும் தெரிந்த புல்லாங்குழல் கலைஞர். 1831இல் லண்டனில் சார்ல்ஸ் நிக்கல்சன் பெரிய துளைக் குழலில் வாசித்ததைக் கேட்டார். அந்த முழக்கம் தன் குழலில் வராது என்று தெரிந்ததும் கருவியையே மாற்றக் கிளம்பிவிட்டார். துளையைச் சரியான இடத்தில், வேண்டிய அளவில் போடு, விரலை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அவர் போன வழி. 1847இல் அவர் செய்த குழலில் துளைகள் விரல் நுனிக்கு அடங்காத அளவு பெரிசு, அதனால் மெத்தை வைத்த மூடிகள்.

சரி, இப்போது என் பழைய வழக்குக்கு வருகிறேன்: ஜி ஷார்ப் மூடி, அதாவது மேற்கத்திய இசையில் ஜி என்ற சுரத்துக்கு அரைப்படி மேலே இருக்கிற சுரத்தின் மூடி. நான் இந்தப் பேச்சை எடுத்தாலே நண்பர்கள் எழுந்துவிடுவார்கள், நீங்கள் வானொலியை அணைக்காமல் இருந்தால் சரி. போம் அந்த மூடியைத் திறந்த நிலையில் வைத்தார். இடது சுண்டுவிரலை அழுத்தினால் ஜி, எடுத்தால் ஜி ஷார்ப். மற்ற விரல்கள் செய்கிற அதே வேலை. ஆனால் வாசிப்பவர்களுக்குப் பழக்கம் நேர்மாறு, ஜி ஷார்ப் வேண்டுமென்றால்தான் சுண்டுவிரல் அழுத்தும். பிரான்சில் அந்தப் பழக்கத்துக்காகவே மூடியை மாற்றினார்கள், இன்று விற்கிற குழல்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு ஒரு துளை அதிகம் வேண்டியிருக்கிறது. அந்தத் துளையால் மூன்றாம் ஸ்தாயியின் ஈ என்ற சுரம் தடுமாறுகிறது, அதைச் சரிக்கட்ட ‘ஸ்பிளிட் ஈ’ என்று இன்னொரு நெம்புகோலும் பொருத்துகிறார்கள். ஒரு சுண்டுவிரல் மாறமாட்டேன் என்றதற்கு இத்தனை ஒட்டு!

கிளாரினெட்டுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. குளோசே என்ற கிளாரினெட் கலைஞரும் பூஃபே என்ற கருவி செய்பவரும் பாரிசில் செய்த கிளாரினெட்டுக்குப் போம் பெயர் ஒட்டிக்கொண்டது, போம் அதைச் செய்யவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாசூன் என்ற கீழ்ச்சுர ஊதுகருவியிலும் போம் முறையைப் பொருத்திப் பார்த்தார்கள். குரலே மாறிப்போகிறது என்று வாசிப்பவர்கள் ஒதுக்கிவிட்டார்கள், இன்றைக்கும் அதில் கட்டைவிரல் படும் பாடு... சிவப்பு விளக்கு எரிகிறது, நன்றி.