கப்பல் இடிச்ச பாலமும் வில்லு மாதிரி பாலமும்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலத்துல செசபீக் சிட்டின்னு ஒரு சின்ன ஊரு. கால்வாயால பொறந்த ஊரு, அதே கால்வாயால ரெண்டு கரையாப் பிரிஞ்சு நிக்கிற ஊரும் கூட. டெலவேர் ஆத்தையும் செசபீக் விரிகுடாவையும் இணைக்கிற கால்வாய் அது, 1829ல தொறந்தாங்க, மொதல்ல லாக் கதவு, அதாவது தண்ணிய அடைச்சு மட்டத்த ஏத்தி எறக்குற கதவு, வெச்சுதான் படகை ஏத்தி எறக்குனாங்க, 1927ல அதையெல்லாம் எடுத்துட்டு கடல் மட்டத்துக்கே ஆழமாக்கிட்டாங்க, அப்புறமென்ன, பெரிய கப்பலெல்லாம் வர ஆரம்பிச்சிருச்சு.

அப்ப அங்க இருந்தது லிஃப்ட் பாலம். கப்பல் வந்தா நடுப்பகுதி அப்படியே மேல போகும், அது எறங்குற வரைக்கும் வண்டியெல்லாம் நிக்கணும். 1942 ஜூலையில ஃபிரான்ஸ் கிளாசன்னு ஒரு டேங்கர் கப்பல் இடிச்சதுல அந்தப் பாலமே போச்சு. யுத்த நேரம் வேற. ஏழு வருஷம் ஃபெர்ரிலதான் அக்கரை இக்கரை. இதே கால்வாய்ல செயின்ட் ஜார்ஜஸ்ங்கிற ஊர்லயும் 1939லயே ஒரு கப்பல் லிஃப்ட் பாலத்த இடிச்சு ரெண்டு பேர் செத்துருந்தாங்க. ரெண்டு தடவை பட்டாச்சு, இனி கப்பலுக்கு எட்டாத உசரத்துலதான்னு முடிவாயிடுச்சு.

1949ல வந்த புதுப் பாலத்துக்கு அடியில தண்ணிலேர்ந்து 135 அடி எடம். ரோட்டுக்கு மேல வில்லு மாதிரி நிக்கிற வளைவு மட்டும் 540 அடி நீளம், கால்வாய் நடுவுல தூணே கெடையாது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு மூங்கில் பட்டைய வளைச்சு மேஜை மேல நிக்க வெச்சு உச்சியில அமுக்கிப் பாருங்க, ரெண்டு முனையும் வெளிய வழுக்கிட்டு ஓடும். இப்ப ரெண்டு முனைக்கும் கயிறு கட்டிட்டு அமுக்குங்க. கயிறுதான் விறைக்கும், முனை அசையாது. வில்லும் நாணும், அவ்ளோதான். பாலத்துல அந்த நாண் ரோட்டு மட்டத்துலயே ஓடுது, வளைவுலேர்ந்து எறங்குற தொங்கு கம்பிங்க ரோட்டத் தாங்குது. சாதாரண வளைவுன்னா அது பக்கவாட்டுல உதைக்கிறதத் தாங்க ரெண்டு கரையிலயும் நல்ல பாறையோ பெரிய கட்டுமானமோ வேணும், இதுக்கு அது வேண்டாம், உசரமான தூணு ரெண்டுல தூக்கி வெச்சா அந்தத் தூணுங்க எடையை மட்டும் சுமந்தாப் போதும். என்ன, நாண் அறுந்தா வில்லே இல்ல. அதனால இன்ஸ்பெக்ஷன் பண்றவங்க அந்த இரும்ப துருவித் துருவிப் பாப்பாங்க.

கப்பலுக்கு நிம்மதிதான். ஊருக்கு நல்லதான்னு கேட்டா எனக்கு ரெண்டு மனசு. முன்னெல்லாம் கப்பலுக்காக நின்னவன் ஊரையாவது பாத்தான், இப்ப கார்ல போறவன் வீட்டுக் கூரைக்கு மேலயே தாண்டிப் போயிடுறான்.