தத்துப்பூச்சியைத் தடுக்கும் இலை, தாங்கும் செடி

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரியும் உருளைக்கிழங்கு இலையைக் கொஞ்சம் கவனியுங்கள். நுனியில் தொடங்கிய மஞ்சள், நடுநரம்பை நோக்கிக் குறுகிக்கொண்டே இறங்கியிருக்கிறது; ஓரங்கள் பழுப்பாகிச் சுருண்டிருக்கின்றன. அமெரிக்காவில் இந்தக் கருகலுக்கு வெயிலும் வறட்சியுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள எம்போஸ்கா ஃபேபே என்னும் இளம்பச்சைத் தத்துப்பூச்சியின் வேலை இது என்பதை 1910-களின் இறுதியில் இ. டி. பால் என்ற பூச்சியியலாளர் காட்டினார்.

அமெரிக்க வட மாநிலங்களின் கடுங்குளிரில் இந்தப் பூச்சி பிழைப்பதில்லை. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய தென் மாநிலங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கு நோக்கி வீசும் காற்றோடு ஆண்டுதோறும் புதிதாக வந்து இறங்குகிறது. ஆகவே, ஒரு விவசாயி தன் வயலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அதன் வரவைத் தடுக்க இயலாது. அது சாற்றை உறிஞ்சும்போது உமிழ்நீரைச் செலுத்தி, இலையின் சாற்றுக்குழாய்களையும் சிதைத்துவிடுகிறது. இலை தயாரித்த உணவு கிழங்குக்குப் போய்ச் சேர்வதில்லை. கருகல் கண்ணுக்குத் தெரியும் முன்பே மகசூலில் ஒரு பகுதி போய்விடுகிறது என்பதால்தான், செடியின் சொந்தத் திறனைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

பொலிவியாவில் சொலானம் பெர்தால்ட்டி என்ற காட்டு உருளைக்கிழங்கு இனம் இருக்கிறது. அதன் இலைகளில் இரண்டு வகைச் சுரப்பி ரோமங்கள் உள்ளன. நீண்ட ரோமங்களின் நுனியில் எப்போதும் ஒட்டும் திரவம் துளித்து நிற்கும். அதில் கால் ஒட்டிக்கொண்ட பூச்சி விடுபடத் திமிறும்போது, நான்கு அறைகள் கொண்ட தலையுடைய குட்டை ரோமங்கள் உடைகின்றன. உடைந்ததும் உள்ளே இருந்த ஃபீனால் பொருள்களும் நொதியும் கலந்து, காற்றுப் பட்டுப் பழுப்பாகி இறுகி, பூச்சியின் கால்களையும் வாயுறுப்பையும் மூடிவிடுகின்றன. நறுக்கி வைத்த உருளைக்கிழங்கு பழுப்பாவதும் இதே வகை நொதியால்தான். அசுவினிக்கு எதிராக இந்த ரோமங்கள் செயல்படுவதை இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையத்தைச் சேர்ந்த கிப்சன் 1971-இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இப்பண்பைப் பயிர் ரகங்களுக்குள் கொண்டுவர நீண்ட காலம் உழைத்தது. ‘கிங் ஹாரி’ என்ற ரகம் அந்த உழைப்பில் வந்தது. காட்டு இனத்தோடு கலப்பினம் செய்தால் ரோமம் மட்டும் தனியாக வருவதில்லை, தாமதமான முதிர்ச்சியும் குறைந்த மகசூலும் கூடவே வருகின்றன. அவற்றைக் கழிப்பதற்குப் பல தலைமுறைகள் மீண்டும் மீண்டும் கலக்க வேண்டியிருந்தது.

பீன்ஸ் இலையில் பசை இல்லை, கொக்கி இருக்கிறது. தூண்டில் முள்ளைப் போல வளைந்த நுண்ணிய ரோமங்கள், தத்துப்பூச்சியின் இறக்கையற்ற குஞ்சுகளைக் குத்திப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. சிக்கியவை பட்டினியாலும் காயத்தாலும் மடிகின்றன. பில்லமர், டிங்கி ஆகிய இரு ஆய்வாளர்களும் 1976-இல் இதை விளக்கினார்கள். (பால்கன் நாடுகளில் முன்பு மூட்டைப்பூச்சியைப் பிடிக்கப் படுக்கையைச் சுற்றி பீன்ஸ் இலைகளைப் பரப்பி வைப்பார்களாம். இந்தக் கொக்கிகள் மூட்டைப்பூச்சியின் கால்களைக் குத்திப் பிடிப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது.)

இவ்வளவு அழகான கொக்கி எல்லா இடத்திலும் போதுமா என்றால், போதாது. லத்தீன் அமெரிக்காவில் பீன்ஸைத் தாக்குவது எம்போஸ்கா கிரேமரி என்ற நெருங்கிய உறவினம். வறண்ட பருவத்தில் அதன் சேதம் மிகக் கடுமையாக இருக்கும். கொலம்பியாவின் பால்மிரா அருகே உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் ஆயிரக்கணக்கான பீன்ஸ் வகைகளைச் சோதித்தபோது, பூச்சியைக் கொல்லும் வகைகளை நம்பியிருக்க முடியவில்லை. பூச்சி இருந்தும் காய்க்கும் வகைகளே, அதாவது தாங்குதிறன் உள்ளவையே, பெரிதும் பயன்பட்டன. என்னைக் கேட்டால், தாங்குதிறனுக்கு நாம் இன்னும் உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. செடி பூச்சியைக் கொல்லாததால், அதை வென்று பெருகும் புதிய பூச்சிக் கூட்டம் உருவாகும் நெருக்கடியும் குறைவாகவே இருக்கும்.

ரோமத்துக்கும் ஒரு விலை உண்டு. நம் ஊர்ப் பருத்தியில் ரோமம் அடர்ந்த ரகங்கள் தத்துப்பூச்சியைத் தடுக்கின்றன. ஆனால் வெள்ளை ஈ அதே ரோம இலையை விரும்பி வந்து முட்டையிடுகிறது. உருளைக்கிழங்கின் பசை ரோமங்களோ, நமக்கு உதவும் சிறு குளவிகளின் நடமாட்டத்தையும் தடுக்கக்கூடியவை.

ஆகையால், ‘எதிர்ப்புத்திறன் உள்ள ரகம்’ என்று யாராவது விதை கொடுத்தால், அந்த ரகத்தை மருந்து தெளித்த பாத்தியிலும் தெளிக்காத பாத்தியிலும் ஒரே பருவத்தில் வளர்த்து எடுத்த மகசூல் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சிறிதாக இருப்பது மட்டும் போதாது, தெளிக்காத பாத்தியின் மகசூலே உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும்.