மூடிக்கு மேலே ஒரு சீட்டு

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

"பிள்ளை புத்தகத்தையே தொடமாட்டேன் என்கிறான், என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: கதையை டிபன் பாக்ஸோடு அனுப்புங்கள். சிரிக்கிறீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு குட்டிக் கதையைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டோடு அனுப்பினேன். அப்பாவாயிற்றே, அதோடு விட மனசு வருமா? கீழே ஒரு கேள்வி: "இதிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?" சாயங்காலம் சீட்டு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் கேள்வி இல்லை. கதையும் முடியவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்த பூனைக்குத் தண்ணீரில் தன் முகத்துக்குப் பதிலாக... அவ்வளவுதான், தாள் தீர்ந்துவிட்டது. அன்று பையைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று கேட்டாள்: "பதிலா என்னப்பா தெரிஞ்சுது?"

"நாளைக்கு மதியம்" என்றேன். சத்தியமாக எனக்கே அப்போது தெரியாது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். சீட்டை டப்பாவுக்குள் போடாதீர்கள். ஆவி பட்டு மை ஊறி, கதை சாப்பாட்டில் இறங்கிவிடும். மூடிக்கு மேலே வையுங்கள், பென்சிலில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வரி போதும்.

சாப்பாடும் வாசிப்பும் சேர்ந்தது இன்று நேற்றல்ல. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் என்ற கிறிஸ்தவத் துறவி தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு விதிகளில், உணவு வேளையில் வாசிப்பு இருந்தே ஆக வேண்டும் என்கிறார். வாரத்துக்கு ஒருவர் வாசிப்பார். பாவம், அவருக்குச் சாப்பாடு கடைசியில்தான். 1865 வாக்கில் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில், வேலை நேரத்தில் உரக்க வாசிக்க ஓர் ஆளை வைத்து, தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து அவருக்குக் காசு கொடுத்தார்கள். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது!

ஆசிரியர்களே, பெனடிக்ட் இன்னொன்றும் சொல்கிறார்: வரிசைப்படி எல்லோரும் வாசிக்க வேண்டாம், கேட்பவர்களுக்குப் பயன்படும்படி வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கட்டும். மதிய வேளையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகளை எழுப்பி விடாதீர்கள். நீங்களே பத்து நிமிடம் வாசியுங்கள். சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது என்கிற அவருடைய மௌன விதி மட்டும் நமக்கு வேண்டாம். பேசுகிற பிள்ளை பேசட்டும், கேட்க விரும்புகிறவன் தானாகவே கிட்டே வந்து உட்காருவான்.

சரி, பூனைக்கு வருகிறேன். ஒருநாள் அவசரத்தில் சீட்டு வைக்க மறந்துவிட்டேன். சாயங்காலம் டப்பாவைக் கழுவ எடுத்தால் மூடிக்கு மேலே ஒரு சீட்டு. என் மகளின் கையெழுத்து இல்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எழுதியது. நான் கிணற்றடியிலேயே நிறுத்தி வைத்திருந்த பூனையை அவள் உள்ளே இறக்கியே விட்டிருந்தாள். கடைசி வரி: "மீதி நாளைக்கு மதியம்."