படித்த பெண்கள் பிள்ளை பெறத் தயங்குகிறார்களா?

(திரையில்: கறுப்புப் பின்னணியில் இரண்டு எண்கள். 5.7, 1.9)

வணக்கம். இந்த இரண்டு எண்களும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் எடுத்தவை. எத்தியோப்பியாவில் 2016-இல் நடந்த கணக்கெடுப்பில், பள்ளிக்கூடமே போகாத பெண்களுக்குச் சராசரியாக 5.7 குழந்தைகள். பள்ளிப் படிப்பைத் தாண்டி மேலே படித்தவர்களுக்கு 1.9.

இதைப் பார்த்ததும் "படிச்சா பிள்ளை ஆசையே போயிடும் போல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படி ஒரு பாடம் கிடையாது.

(திரையில்: 15 முதல் 45 வரை வயதுக்கோடு)

முதலில் வெறும் காலக்கணக்கைப் பார்ப்போம். 17 வயதில் தலைப்பிள்ளை பெறும் பெண்ணுக்கு இன்னும் 28 ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. 30-இல் பெறுபவருக்கு 15 தான். பெண் வகுப்பில் இருக்கும்வரை கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது. அவர் அல்ஜீப்ரா கற்றாரா, தூங்கி வழிந்தாரா என்பதெல்லாம் அப்புறம்தான்.

சரி, ஒரு நியாயமான சந்தேகம் வரும். வசதியான வீட்டுப் பெண்கள்தானே அதிகம் படிக்கிறார்கள்? குழந்தை குறைவதற்குக் காரணம் படிப்பா, பணமா? இதைப் பிரித்துப் பார்க்க நைஜீரியா ஒரு வாய்ப்பைத் தந்தது. 1976-இல் அந்த நாடு எல்லோருக்கும் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. அரசு எந்தப் பகுதியில் எவ்வளவு செலவிட்டது, யாருக்கு அப்போது பள்ளி வயது என்பதை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும், 25 வயதுக்குள் பெற்ற குழந்தைகள் 0.26 குறைந்திருந்தன. கால் குழந்தை என்றால் சிரிப்பு வரும். நான்கு பெண்களுக்குச் சேர்த்து ஒரு குழந்தை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆண்டுப் படிப்புக்கு இது பெரிய மாற்றம்.

அடுத்த காரணம், என்னைக் கேட்டால், இதைவிட ஆழமானது. பிறந்த பிள்ளை தங்குமா என்ற பயம் இருக்கும்வரை யாரும் இரண்டோடு நிறுத்த மாட்டார்கள். 1970-க்கும் 2009-க்கும் இடையில் உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதில் பாதியளவு பெண்களின் கல்வி உயர்ந்ததால் வந்தது என்று 175 நாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகள் பிழைத்தார்கள், அதனால் பிரசவங்கள் குறைந்தன. இதை "ஆசை போய்விட்டது" என்று சொல்வது சரியா?

(திரையில்: கிராமத்துப் பாதையில் பையோடு நடந்து வரும் பெண்)

ஆனால் எல்லாப் புகழும் கல்விக்கே என்றும் சொல்ல முடியாது. வங்கதேசத்தில் 1975 வாக்கில் ஒரு பெண்ணுக்கு 6.3 குழந்தைகள். 1990-களின் தொடக்கத்தில் அது 3.4. அப்போது அங்கே பெரும்பாலான பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். குறைவாகப் பெற வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே இருந்தது, வழிதான் இல்லை.

இப்போது பணக்கார நாடுகளுக்கு வருவோம். 2023-இல் தென்கொரியாவின் பிறப்பு விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு, 0.72. உடனே விரல் பட்டதாரிப் பெண்கள் பக்கம் நீள்கிறது. அப்படியானால் வடக்கு ஐரோப்பாவை என்ன செய்வது? அங்கே 1970-களில் பிறந்த பெண்களில், குழந்தையே இல்லாதவர்கள் குறைவாகப் படித்தவர்களிடையேதான் அதிகம். பட்டம் பெற்றவர்கள் தாமதமாகத் தொடங்கினாலும் பிற்பாடு ஈடுகட்டிவிட்டார்கள். ஸ்வீடன் 1974-லேயே பிள்ளை வளர்ப்பு விடுப்பை அப்பாவும் எடுக்கலாம் என்றாக்கியது. நார்வே 1993-இல் அப்பாவுக்கென்றே தனியாகச் சில வாரங்களை ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் வீண்.

அங்கேயும் 2010-க்குப் பிறகு பிறப்பு சரிந்திருக்கிறது. 2023-இல் பின்லாந்தின் விகிதம் 1.26. ஆனால் அந்தச் சரிவு குறைவாகப் படித்த பெண்களிடமும் இருக்கிறது. பழியைப் பட்டத்தின் மேல் போட அங்கே வழியில்லை.